மறு: 'டெயின்டட் கெர்னல்' – தீட்டு வேண்டாம், கறை?

அண்ணே, வணக்கம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் (தமிழில் கருனி) 'டெயின்டட்' ஆகிவிட்டது என்று செய்தி வருகிறதே, அந்தச் சொல்லைப் பாடக்குறிப்பில் தமிழில் எப்படி எழுதுவது என்று நீங்கள் சொன்னதற்கு என் பதில் இது.

> 'டெயின்ட்' என்பதற்குத் 'தீட்டு' என்றே வைத்துவிடலாம். சின்னச் சொல், எல்லாருக்கும் தெரிந்தது.

தெரிந்த சொல்தான், வம்பே அதுதான். நம்ம ஊர்ப் பக்கம் யார் யாரைப் பார்த்து அதைச் சொன்னார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பாடக்குறிப்பில் எழுத எனக்குக் கை வராது. நம்ம குழுவில் அக்கா சொன்ன 'மாசுற்ற கருனி' பரவாயில்லை. ஆனால் கருனியே கெட்டுவிட்டது என்று தொனிக்கிறது.

திருப்பரங்குன்றத்தில் பையன்களுக்கு மாட்யூல் (கெர்னலில் ஏற்றும் துணை நிரல்) எழுதச் சொல்லித் தருகிறோம் அல்லவா, அங்கே அடிக்கடி நடப்பது இது. மாட்யூலை ஏற்ற 'இன்ஸ்மாட்' கட்டளை கொடுப்பான், ஏறாது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டீமெஸ்ஜியில் பார்த்தால், வெளி மாட்யூல் (கெர்னலோடு சேர்ந்து வராதது) கெர்னலை டெயின்ட் செய்கிறது என்று ஒரு வரி. அதன் கீழே 'அன்னோன் சிம்பல்' (தெரியாத பெயர்), பிழை எண் -2. உடனே மேல் வரியைப் பிடித்துக்கொண்டு அரை நாள் அல்லாடுவான். கோளாறு கீழ் வரியில் இருக்கிறது. அவன் மாட்யூல் இன்னொரு மாட்யூலின் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அது இன்னும் ஏறவில்லை. இன்ஸ்மாட் சார்புகளை (மாட்யூலுக்குத் தேவையான மற்ற மாட்யூல்களை) தேடிப் போகாது, மாட்புரோப் என்ற கட்டளைதான் போகும். மாட்யூல் விவரம் காட்டும் மாட்இன்ஃபோவில் 'டிபெண்ட்ஸ்' வரியைப் பார்த்து அதை முதலில் ஏற்றினால் சரியாகிவிடும். இல்லையென்றால் மாட்யூலை முறையாக நிறுவி, சார்புப் பட்டியல் போடும் டெப்மாட் ஓட்டி, மாட்புரோப்பிடம் விட்டுவிடலாம்.

அவனையே மறுபடி இன்ஸ்மாட் கொடுக்கச் சொல்லுங்கள். டெயின்ட் வரி இந்தத் தடவை வராது, அது ஒருமுறைதான் அச்சாகும். மாட்யூல் அப்போதும் ஏறாது. காரணம் அது இல்லை என்று அவனுக்கே புரிந்துவிடும்.

டெயின்ட் என்பது ஓர் அடையாளம், அவ்வளவுதான். நாளைக்குக் கெர்னல் விழுந்து பக் ரிப்போர்ட் போனால், உள்ளே வெளிச்சரக்கு இருந்தது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். மாட்யூலை இறக்க ஆர்எம்மாட் கொடுத்தாலும் இந்த அடையாளம் போகாது, ரீபூட் செய்தால்தான் போகும். ஏறாமல் திரும்பிய மாட்யூல்கூட அதை விட்டுவிட்டுத்தான் போகும். சோழவந்தான் பக்கம் வாழைத்தார் சுமந்தவர் சட்டையைப் பாருங்கள்: கறை இருக்கும், சட்டை கிழிந்திருக்காது.

அதனால் என் ஓட்டு 'கறை'க்கு. 'கறைபட்ட கருனி', 'கறைக்குறி', 'கறை மதிப்பு' என்று சொற்கள் தானாக வருகின்றன. டிஜிட்டல் கையொப்பமில்லாத வெளி மாட்யூல் ஏற்றிய உபுண்டு லினக்ஸில் கறை மதிப்பு 12288 என்று வரும்: வெளி மாட்யூலுக்கு 4096, கையொப்பம் இல்லாததற்கு 8192.

வினைச்சொல்தான் இடிக்கிறது. 'கறைப்படுத்துகிறது' பழி போடுவது போல இருக்கிறது. 'கறை ஏற்றுகிறது' என்றால் மாட்யூல் ஏற்றுவதோடு குழம்பும். 'கறை இடுகிறது'? அக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?