டாக்கில் இரண்டு மானிட்டர் மாட்டினால் ஒன்றுதான் வருகிறது, உபுண்டு 24.04 லினக்ஸ்

பரங்குன்றத்தான்:
வணக்கம். திருப்பரங்குன்றத்தில் வீட்டில் இருந்தபடியே மாசி வீதி அச்சகம் ஒன்றுக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வடிவமைத்துக் கொடுக்கிறேன். இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ் என்ற இரண்டு வடிவமைப்பு மென்பொருள்களும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. போன வாரம் லேப்டாப்பில் ஒரே கேபிளில் மாட்டிப் பல போர்ட்கள் எடுக்கும் யுஎஸ்பி சி டாக் ஒன்று வாங்கினேன், அதில் இரண்டு எச்டிஎம்ஐ. ஒன்றில் 27 இன்ச் 4கே மானிட்டர், இன்னொன்றில் பழைய 1080பி மானிட்டர். 4கே மட்டும்தான் வருகிறது, அதுவும் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது. பழையது சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது, ஆனால் 4கே கேபிளைக் கழற்றினால் உடனே வந்துவிடுகிறது. கேபிள்களை மாற்றியும் பார்த்துவிட்டேன். கடையில் கேட்டால் லினக்ஸ் என்றால் இப்படித்தான், விண்டோஸ் போடுங்கள் என்கிறார்கள். ஆவணி முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த தாள் ஒரு திரையிலும் புரூஃப் இன்னொரு திரையிலும் இருந்தால்தான் தாய்மாமன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப் போகாமல் பார்க்க முடிகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வைகைவடகரை:
தம்பி, முதலில் அந்த டாக் எந்த வகை என்று தெரிய வேண்டும். டெர்மினலில், யுஎஸ்பியில் மாட்டியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்துப் பாருங்கள். 17இ9 என்று தொடங்கும் எண் வந்தால் உள்ளே இருப்பது டிஸ்ப்ளேலிங்க் சிப். அது படத்தைச் சுருக்கி யுஎஸ்பி டேட்டாவாக அனுப்புவது, அதற்குத் தனி டிரைவரும் ஈவிடிஐ என்ற கெர்னல் மாட்யூலும் வேண்டும், கையொப்பம் இல்லாததை ஏற்றவிடாத செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அந்த மாட்யூலுக்குச் சாவி பதியவும் வேண்டும். அந்த எண் இல்லையென்றால் லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பே சி போர்ட் வழியாக நேரே படம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம், டிரைவர் தேட வேண்டாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 4கேவுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கிறது என்ற கணக்கு) காட்டுகிறது என்றும் சொல்லுங்கள்.

பரங்குன்றத்தான்:
17இ9 இல்லை அண்ணே. 4கேவுக்கு 30 ஹெர்ட்ஸ் மட்டும்தான் காட்டுகிறது.

ஒத்தக்கடை:
அந்த 30லேயே விஷயம் இருக்கிறது. சி கேபிளை நாலு வழிச்சாலை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டாக் அதில் இரண்டு வழியை யுஎஸ்பி 3க்கு ஒதுக்கிவிட்டு மிச்சம் இரண்டில்தான் படத்தை அனுப்புகிறது. படம் அனுப்பும் முறையான டிஸ்ப்ளேபோர்ட் 1.2இல் ஒரு வழிக்கு நொடிக்கு 5.4 கிகாபிட், இரண்டுக்கும் சேர்த்து 10.8, அதில் ஐந்தில் ஒரு பங்கு என்கோடிங்கிலேயே போய்விடும், கையில் நிற்பது 8.64. 4கே 30 ஹெர்ட்ஸுக்கே ஏறக்குறைய 7.1 வேண்டும். மிச்சம் ஒன்றரை, உங்கள் பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் கேட்பதோ மூன்றரை. எப்படி நுழையும்? விண்டோஸ் போட்டாலும் இதே கணக்குதான், இதற்காக உபுண்டுவை அழித்துவிடாதீர்கள், நானும் ஒரு தடவை இந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் வேலையை இழந்தேன்.

லேப்டாப்பிலேயே எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் 4கேவை அதில் நேரே மாட்டுங்கள், பழையது மட்டும் டாக்கில் இருக்கட்டும். போர்ட், கேபிள், மானிட்டர் மூன்றும் எச்டிஎம்ஐ 2.0 என்றால் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும், 1.4 என்றால் 30தான். இரண்டையும் 1080பியில் வைத்தால் டாக்கிலேயே ஓடும், ஆனால் 27 இன்ச்சில் புள்ளி வைத்த எழுத்தும் வைக்காததும் கண்ணுக்குக் குழம்பும், உங்கள் வேலைக்கு அது வேண்டாம்.

வைகைவடகரை:
இன்னொன்று. இன்டெல் கிராபிக்ஸோடு தனியாக என்விடியா கிராபிக்ஸ் கார்டும் உள்ள சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் அந்தக் கார்டோடு சேர்ந்திருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க இன்டெல் மட்டும் என்று வைத்திருந்தால் அதில் படமே வராது. எந்த கிராபிக்ஸ் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிரைம் செலக்டில் ஆன் டிமாண்டுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பரங்குன்றத்தான்:
அண்ணே, வந்துவிட்டது! முதலில் நேரே மாட்டியும் கறுப்பாகவே இருந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே இன்டெல் மட்டும் என்றுதான் இருந்தது. மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் 4கே 60 ஹெர்ட்ஸ், பழையது டாக்கில், மவுஸும் சீராக ஓடுகிறது. இரண்டு பேருக்கும் மனசார நன்றி. லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு வேலை பார்க்கலாமா?

ஒத்தக்கடை:
பார்க்கலாம். வெளி மானிட்டர் இருக்கும்வரை மூடியைச் சாத்தினாலும் தூங்காது, உபுண்டுவின் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் வழக்கமான அமைப்பே அதுதான். ஆனால் கரண்ட் போய் வெளி மானிட்டர் எதுவும் இல்லை என்று ஆனால் உடனே சஸ்பெண்டுக்குப் போய்விடும். டாக்கையும் ஒரு மானிட்டரையுமாவது யுபிஎஸ்ஸில் மாட்டி வையுங்கள்.