எல்லா ஆர்டரும் லேட், ஆளுக்கொரு காரணம் சொல்றாங்க. உண்மையான காரணத்தை எப்படிப் பிடிக்கறது? (திருப்பூர், பனியன் ஏற்றுமதி)

அவிநாசி_ரோடு (கேள்வி)

வணக்கம்ங்க. திருப்பூர்ல நடுத்தர அளவு ஏற்றுமதி கம்பெனி ஒண்ணுல புரொடக்‌ஷன் மேனேஜரா இருக்கேன். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் எங்க சொந்த யூனிட்ல. கட்டிங் கான்ட்ராக்ட், பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி). நிட்டிங் (நூலைத் துணியாப் பின்றது), டையிங் (சாயம் போடறது), காம்பாக்டிங் (துணி பின்னாடி சுருங்காம அழுத்திக் கொடுக்கறது), பிரிண்டிங் எல்லாம் வெளியில ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குச் செஞ்சு வாங்கறது. பெரும்பாலும் ரவுண்ட் நெக் டி-சர்ட்.

எந்த ஆர்டரும் சொன்ன தேதிக்குப் போறதில்லை. கடைசி வாரம் விடிய விடிய ஓட்டறோம். அப்படியும் முடியலைன்னா தூத்துக்குடியில கப்பல் ஏற வேண்டிய சரக்கை எங்க செலவுல ஏர்ல அனுப்பறோம். அந்த ஆர்டர்ல அப்புறம் லாபம் எங்கீங்க இருக்கும்?

தினமும் காலையில மீட்டிங். மெர்ச்சண்டைசர் (வாங்கறவங்ககிட்டப் பேசி ஆர்டரை நடத்தறவர்) டையிங் லேட்டுங்கறார். துணி பார்க்கிறவர் மெர்ச்சண்டைசர் அப்ரூவல் வாங்கித் தரலைங்கறார். தையல் சூப்பர்வைசர் ஆள் பத்தலைங்கறார். முதலாளி நல்ல மனுஷர், பணம் போட்டு ஈஆர்பி (எல்லா வேலையையும் பதிஞ்சு பார்க்கற சாஃப்ட்வேர்) வாங்கிக் கொடுத்தார், ஆனா அதுல யாரும் தேதியை அன்னன்னைக்கு ஏத்தறதில்லை.

"ஏன் ஏன்னு அஞ்சு தடவை கேளுங்க"ன்னு ஒரு பயிற்சி வகுப்புல சொன்னாங்க. கேட்டேன். மூணாவது ஏன்லயே ஒருத்தர் பேரு வந்து நிக்குது, அதுக்கு மேல சண்டைதான். எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

பவர்டேபிள்_மணி

ஆள் பத்தாக்குறைதாங்க. ஊரு பூரா அதே கதைதான். தீபாவளிக்கு, ஹோலிக்கு ஊருக்குப் போற வடமாநிலத் தொழிலாளிங்க பாதிப்பேர் திரும்பி வர்றதில்லை. மெஷின் இருந்து என்ன பண்றது, உட்கார ஆள் வேணுமே.

நொய்யல்கரை

மணி சொல்றது நடக்கறதுதான். ஆனா ஆள் குறைவுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, இருக்கிற ஆளு எத்தனை மணி நேரம் வேலை இல்லாம உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்தீங்களா தம்பி? பண்டலுக்காக (வெட்டின துணிக் கட்டுக்காக) காத்திருக்கிற டெய்லரும் ராத்திரி ஓவர்டைம் பார்க்கிற டெய்லரும் ஒரே ஆளா இருந்தா, அங்க பத்தாம இருக்கிறது ஆள் இல்லை.

அந்த அஞ்சு ஏன் டொயோட்டாவுல இருந்து வந்தது. டாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணத்தை முழுசாப் பாருங்க. மெஷின் நின்னுபோச்சு, ஏன்? ஓவர்லோடாகி ஃபியூஸ் போயிருச்சு. ஏன் ஓவர்லோடு? பேரிங்குக்கு எண்ணெய் பத்தலை. ஏன்? பம்ப் சரியா இறைக்கலை. ஏன்? பம்ப் ஷாஃப்ட் தேஞ்சுபோச்சு. ஏன்? வடிகட்டி வைக்கலை, இரும்புத்தூள் உள்ள போயிருச்சு. கடைசி வரைக்கும் ஒரு ஆளோட பேரு வரலை பாருங்க. நடுவுல பேரு வந்தா "அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டி வந்தது"ன்னு அடுத்த ஏன் கேட்கணும். பெரும்பாலும் அவருக்குக் கூலி கணக்குப் பண்ற விதம், இல்லைன்னா அவர் கைக்குத் தகவல் வந்து சேர்ற நேரம், இந்த ரெண்டுல ஒண்ணு வெளியில வரும்.

இன்னொண்ணு, இந்தக் கேள்வியை மீட்டிங்ல கேட்காதீங்க. பத்துப் பேர் முன்னாடி கேட்டா எல்லாரும் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பார்ப்பாங்க. லேட்டாப் போன ஆர்டர் ஒண்ணை எடுங்க. பேக்கிங்ல இருந்து பின்னாடியே நடந்து போங்க. எந்த இடத்துல சரக்கு சும்மா கிடந்ததுன்னு மட்டும் பாருங்க. வேலை நடந்த நேரத்தை விட காத்துக் கிடந்த நேரம்தான் உங்களுக்கு வேணும்.

கணக்கு_அக்கா

பின்னாடி போறதுக்கு ஆதாரம் உங்க ஆபீஸ்லயே இருக்கு தம்பி. ஜாப் ஒர்க்குக்கு சரக்கு வெளிய போனா டிசி (டெலிவரி சலான்) போட்டே ஆகணும், ஜிஎஸ்டி விதி. அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பணும், அதுக்காக ஐடிசி-04ங்கற ஜிஎஸ்டி படிவம் தாக்கல் பண்றோம். அப்படின்னா நிட்டிங் போன தேதி, கோரா துணி (சாயம் போடாத துணி) டையிங் போன தேதி, திரும்பி வந்த தேதி, எடை எல்லாமே அக்கவுண்ட்ஸ் ஃபைல்ல தூங்குது. வரிக்காக மட்டும் வெச்சிருக்கோம், புரொடக்‌ஷன்ல ஒருத்தரும் வந்து கேட்கறதில்லை. யார் சொன்னதையும் நம்ப வேண்டாம், டிசி தேதியை நம்புங்க. உள்ளுக்குள்ள நடக்கிறதுக்கு கட்டிங் பில்லும் பண்டல் சிட்டையும் போதும்.

அவிநாசி_ரோடு

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஏர்ல போன 5,000 பீஸ் ஆர்டர் ஒண்ணை எடுத்தேன். பாடி துணி (டி-சர்ட்டோட உடம்புப் பகுதிக்கான துணி) டையிங்ல 9 நாள். துணி வந்து கட்டிங் முடிஞ்சது 2 நாள்ல. கட்டிங் முடிஞ்சு கடைசி பண்டல் தையலுக்குள்ள போனது 15 நாள் கழிச்சு! தையல் உள்ள போனதும் வேகமாத்தான் வெளிய வந்திருக்கு.

மீட்டிங்ல கட்டிங் பேரை இதுவரைக்கும் யாரும் எடுத்ததே இல்லைங்க. நம்ம கம்பெனியிலயே ஒழுங்கா நடக்கிறது கட்டிங்தான்னு எல்லாரும் நினைச்சிட்டிருந்தோம், டேபிள்ல எப்பவும் வேலை ஓடுது. இப்ப போய்ப் பார்த்தா வெட்டின பண்டல் ரேக் ரேக்கா கிடக்குது.

நொய்யல்கரை

கிடக்கிற பண்டல் எத்தனை பீஸ், தையல்ல ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வருதுன்னு எண்ணிச் சொல்லுங்க.

அவிநாசி_ரோடு

சுமாரா 26,000 கிடக்குது. தையல் ஒரு நாளைக்கு 2,000.

நொய்யல்கரை

26,000-ஐ 2,000-ஆல வகுங்க, 13 நாள். ஜான் லிட்டில்ங்கறவர் 1961-ல நிரூபிச்ச கணக்கு இது. உள்ள கிடக்கிற சரக்கை, ஒரு நாளைக்கு வெளிய வர்ற சரக்கால வகுத்தா சராசரியா ஒரு பீஸ் காத்திருக்கிற காலம் கிடைக்கும். இந்தக் குவியல் இருக்கிற வரைக்கும் நீங்க எவ்வளவு கத்தினாலும் இன்னைக்கு வெட்டற பீஸ் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தையலுக்குள்ள போகும். ஒரு ஆர்டரை அவசரம்னு முன்னாடி தள்ளினா இன்னொண்ணு பின்னாடி போகும், அவ்வளவுதான். உங்க முதலாளிக்கு இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டுங்க.

அடுத்த கேள்வி: அந்த 26,000-ல இப்பவே தைக்கக்கூடியது எவ்வளவு? எல்லாம் முழு செட்டா இருக்குதா?

அவிநாசி_ரோடு

பாதிக்கு மேல நெக் ரிப் (கழுத்துப் பட்டிக்கான இழுபடற துணி) இல்லைங்க. பாடியும் கையும் வெட்டி வெச்சிருக்கு, கழுத்துக்கு ரிப் வரலை.

காங்கயம்_மெர்ச்

டையிங்காரர் பழைய பில்லுக்காக ரிப்பைப் பிடிச்சு வெச்சிருப்பார். எங்க பக்கம் சாதாரணமா நடக்கிறதுதான். பாக்கியைக் கொடுங்க, மறுநாளே வந்துடும்.

அவிநாசி_ரோடு

நானும் அதைத்தாங்க சந்தேகப்பட்டேன். ஆனா டிசி வேற சொல்லுது. அந்த ஆர்டர்ல பாடி கோரா டையிங் போய், சாயம் ஏறி, திரும்பி வந்தாச்சு. அதுக்கப்புறம்தான் ரிப் கோராவே இங்கிருந்து கிளம்பியிருக்கு! நாமளே லேட்டா அனுப்பிட்டு அவங்களைத் திட்டிட்டிருக்கோம். வந்த ரிப்பும் பாடி ஷேடுக்கு (சாய நிறத்துக்கு) ஒத்து வராம மறுபடி ஒரு தடவை போட்டிருக்காங்க.

சாயப்பட்டறை_தம்பி

டையிங் பக்கத்துல இருந்து சொல்றேன் அண்ணா. பாடி 800 கிலோ இருந்தா நெக் ரிப் 50, 60 கிலோதான் இருக்கும். ரெண்டும் ஒண்ணா வந்தா முடிஞ்ச வரைக்கும் ஒரே லாட்ல (ஒரே தடவையில) போட்டுடுவோம், ஷேடு சேர்ந்து போகும். பாடி போன பின்னாடி 50 கிலோ மட்டும் தனியா வந்தா சின்ன வெசல் (சாயம் போடற மெஷின்) காலியாகணும், ஷேடை மறுபடி பிடிக்கணும். அதுக்கும் தண்ணி, சுத்திகரிப்பு செலவு உண்டு. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளிய விடாம சுத்திகரிச்சுத்தான் இங்க யாரும் தொழில் பண்ண முடியும். சின்ன லாட்டைத் தள்ளிப் போடறது வீம்புல இல்லீங்க, கட்டுப்படி ஆகறதில்லை.

கணக்கு_அக்கா

சரி, ரிப் கோரா ஏன் லேட்டாக் கிளம்புது? ரிப் புரோக்ராம் (எவ்வளவு ரிப் துணி வேணும்னு எழுதற சீட்டு) யார் எழுதறாங்க, எதைப் பார்த்து எழுதறாங்க?

அவிநாசி_ரோடு

இன்னைக்கு பூரா அதைத்தான் விசாரிச்சேங்க. பாடி புரோக்ராமை ஆர்டர் வந்த அன்னைக்கே துணி மேனேஜர் போட்டுடறார். ரிப்புக்கு ஒரு பீஸுக்கு எத்தனை கிராம்னு கட்டிங் மாஸ்டர்தான் சொல்லணும். அவர் எப்பச் சொல்றார்னா, பாடி துணி வந்து டேபிள்ல விரிச்சு மார்க்கர் (எந்தப் பாகத்தை எங்க வெட்டணும்ங்கற வரைபடம்) போடறப்ப. அதுக்கு முன்னாடி அவர்கிட்ட யாரும் எதையும் காட்டறதே இல்லை. சாம்பிள் தைக்கிறது வேற ரூம், வேற டெய்லர். அங்கயே கழுத்தை எடை போட்டா கிராம் தெரிஞ்சுடும், ஆனா அந்தத் தகவல் துணி மேனேஜர்கிட்டப் போக வழியே இல்லை.

"ரிப் இல்லாம ஏன் வெட்டறீங்க"ன்னு மாஸ்டர்கிட்டயும் கேட்டேன். அவர் கோவப்படாமச் சொன்னார்: "எனக்கு வெட்டின பீஸுக்குத்தான் காசு. துணி வந்தும் வெட்டாம இருந்தா என் பசங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் எங்க இருந்து கொடுக்கறது? ராத்திரி முதலாளி போன் பண்ணாலும் இன்னைக்கு எத்தனை பீஸ் கட்டிங்னுதான் கேட்கறார்."

லேட்டாப் போன இன்னும் சில ஆர்டரையும் பார்த்தேன். பெரும்பாலும் இதே ரிப் கதைதான். ஒண்ணு மட்டும் வேற, வாஷ் கேர் லேபிள் அப்ரூவல்ல நின்னிருக்கு.

நொய்யல்கரை

மாஸ்டர் சொன்னதுல தப்பே இல்லை தம்பி. உங்க கம்பெனி எதுக்குக் காசு கொடுக்குதோ அதை அவர் ஒழுங்காச் செய்யறார். காத்துக்கிடக்கிறதுக்கு ரெண்டு வேர் இருக்குது. ஒண்ணு, ரிப் கிராம் தகவல் பிறக்கிற இடம் சாம்பிள் ரூம், அது போய்ச் சேர வேண்டிய இடம் புரோக்ராம் சீட்டு, நடுவுல பாதை இல்லை. ரெண்டாவது, செட் சேராம வெட்டினாலும் கூலி உண்டு. மூணாவதா நீங்க சொன்ன லேபிளை இதுல கலக்காதீங்க, அது வேற காரணம், அதைத் தனியாப் பாருங்க. ஒரே காரணத்துல எல்லாத்தையும் அடைக்கப் பார்த்தா மறுபடியும் மீட்டிங் சண்டைக்குத்தான் போய் நிக்கும்.

முதல்ல செய்ய வேண்டியது, சைஸ் செட் சாம்பிள் (ஒவ்வொரு சைஸ்லயும் தைக்கிற மாதிரி பீஸ்) தைக்கறப்பவே ஒவ்வொரு சைஸ்லயும் கழுத்து ரிப்பை எடை போட்டு, சேதாரம் சேர்த்து எழுதிடுங்க. பாடியும் ரிப்பும் ஒரே புரோக்ராம் சீட்டுல, ஒரே நாள்ல போகணும். கோராவும் டையிங்குக்கு ஒண்ணாப் போகட்டும். கழுத்து அகலம் பின்னாடி மாறினா கொஞ்சம் கிலோ மிஞ்சும் இல்ல குறையும், அந்த நஷ்டம் ஏர் செலவுக்குப் பக்கத்துலயே வராது.

ரெண்டாவது கஷ்டமானது. "செட் சேராம வெட்டாதீங்க"ன்னு வெறும் உத்தரவு போட்டா மாஸ்டர் வேற கம்பெனிக்குப் போயிடுவார், போறதும் நியாயம்தான். துணி சேராம டேபிள் நின்னா அந்த நாளுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி கொடுக்க முதலாளியை ஒத்துக்க வையுங்க. பில்லும் வெட்டின பீஸுக்குப் போட வேண்டாம், முழு செட்டா தையலுக்குக் கொடுத்த பீஸுக்குப் போடட்டும்.

பவர்டேபிள்_மணி

நான் முதல்ல சொன்னதைத் திருத்திக்கறேங்க. எங்க லைன்லயும் பண்டலுக்கு உட்கார்ந்திருக்கிற நேரத்தை எழுத ஆரம்பிச்சிருக்கேன். ஆள் குறைவு நிஜம், ஆனா இருக்கிறவங்களையே நாங்க காக்க வைக்கிறோம். பீஸ் ரேட்ல இருக்கிற அக்காமாருங்க கூலிதான் அதுல போகுது, அவங்க வேற கம்பெனி மாறறதுக்கும் இதுதான் காரணம்.

அவிநாசி_ரோடு

முதலாளிகிட்டப் பேசியாச்சுங்க. 26,000 கணக்கை எழுதிக் காட்டினதும் ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துட்டிருந்தார். எல்லா ஆர்டருக்கும் உடனே மாத்த ஒத்துக்கலை. புதுசா வந்த ரெண்டு ஆர்டருக்கு மட்டும் பாடியும் ரிப்பும் ஒரே சீட்டுல போட்டுப் பார்க்கலாம்னார். கட்டிங் டேபிள் நின்னா குறைந்தபட்சக் கூலி கொடுக்கவும் சரின்னுட்டார். பில் போடற முறையை மாத்தறதுக்கு மாஸ்டர் யோசிச்சுச் சொல்றேன்னிருக்கார்.

ஒரே ஒரு சந்தேகம். ராத்திரி போன்ல முதலாளி கேட்கற கேள்வியை மாத்தணும்னா எந்த நம்பரைக் கொடுக்கறதுங்க?

கணக்கு_அக்கா

ரெண்டே நம்பர் தம்பி. இன்னைக்குத் தையலுக்குப் போன முழு செட் எத்தனை, ரேக்ல செட் சேராமக் கிடக்கிற பீஸ் எத்தனை. ரெண்டாவது நம்பர் பக்கத்துலயே எது வராம கிடக்குதுன்னு எழுதிடுங்க: ரிப்பா, லேபிளா, பிரிண்டா. கட்டிங் கவுண்ட்டை அந்தச் சீட்டுல இருந்தே எடுத்துடுங்க. பழைய நம்பர் கூடவே இருந்தா அவர் கண்ணு அதுலதான் போகும்.