அப்பாவின் வயிற்றெரிச்சல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் இரண்டு டீ, அப்புறம் முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரை. சாப்பாடு 10 மணிக்குத்தான். நாலைந்து வருடமாக இதே கதை. போன மாதம் எரிச்சல் தாங்காமல் எண்டோஸ்கோப்பி செய்தோம். இரைப்பையின் உட்சுவர் சிவந்து வீங்கியிருக்கிறது, நல்லவேளை இன்னும் அல்சர் ஆகவில்லை என்றார் டாக்டர்.

காரம்தான் காரணம் என்று எல்லோரும் அம்மாவின் குழம்பைத் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம் அம்மா. டாக்டர் கைகாட்டியது மாத்திரையை. வயிற்றுச் சுவரை அமிலத்திடமிருந்து காக்கும் சளிப்படலத்துக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே உண்டாக்கும் ஒரு பொருள் தேவை. அதைத்தான் அந்த மாத்திரை குறைத்துவிடுகிறதாம். அதை நிறுத்திவிட்டு இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை கொடுக்கிறோம். இரைப்பையில் புண்ணை உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையும் பாக்கி. அதற்கு இரண்டு வாரம் முன்பே பான்டோபிரசோலை நிறுத்த வேண்டும்.

அந்த இரண்டு வாரத்தை எப்படிச் சமாளித்தீர்கள்? விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் முதலில் என்ன சாப்பிடுகிறீர்கள்? இட்லி அந்த நேரத்தில் தொண்டையில் இறங்கவில்லை என்கிறார். முட்டிவலிக்குப் பிசியோதெரபி உண்மையிலேயே கைகொடுத்ததா? சீரகத் தண்ணீர் வேண்டாம், அதைப் பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். அப்பாவை டீயை நிறுத்த வைக்கவும் யாராவது வழி கண்டுபிடித்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.