மறுமொழி: வாசிகசாலைக் கூரையும் டீன் படமும்

அன்புள்ள உறவுகளுக்கு,

ஊர் வாசிகசாலைக் கூரைக்குக் காசு கேட்டுப் பொருளாளர் தம்பி எழுதிய மடல் கிடைத்தது. தருவேன். ஆனால் திருகோணமலைக்குப் போய்வந்த மருமகன் சொன்ன விஷயம்தான் மனதை அறுக்கிறது. வாசிகசாலையில் கோணேசர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய, இங்கிலாந்தின் கன்டர்பரிப் பேராலயத்து டீன் (தலைமைக் குரு) ஹியூலெட் ஜோன்சனின் படத்தைக் கழற்றி, சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறார்களாம். கண்ணாடியும் வெடித்துவிட்டது.

ஸ்டாலினைப் புகழ்ந்த பாதிரி நமக்கு எதற்கு என்று டொரன்டோ அண்ணை கேட்கிறார். புகழ்ந்தது உண்மைதான். 1937இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தவருக்கு, அதற்குச் சில வருஷம் முன்னர் உக்ரைனில் பட்டினியால் செத்த லட்சக்கணக்கான சனம் கண்ணில் படவில்லை. 1951இல் ஸ்டாலின் சமாதானப் பரிசும் வாங்கினார். மறைக்க வேண்டாம், படத்துக்குக் கீழேயே எழுதிப் போடுங்கள்.

அப்பா அதை மாட்டிய காரணம் வேறு. ஜோன்சன் பொறியியல் படித்தவர். மான்செஸ்டரில் ரயில் பெட்டிப் பட்டறையில் நின்றபோது, கூட வேலை செய்தவர்களிடம்தான் சோசலிசம் கேட்டறிந்தார். டொக்யாட்டில் (கப்பல் பட்டறையில்) பிற்றராக இருந்த அப்பாவுக்கு, கையில் கிறீஸ் பட்ட குருவானவர் என்றால் சும்மாவா? 1942 ஏப்ரல் 9இல் யப்பான்காரன் எங்கள் தலையில் குண்டு போட்டான், சீனன்குடா எண்ணெய்க் குதம் நாள்கணக்கில் எரிந்தது. யூன் 1இல் ஜெர்மன்காரன் கன்டர்பரியில் போட்டான், டீனின் வீடும் அடிபட்டது. அவரும் எங்களைப் போல அடி வாங்கினவர் என்பார் அப்பா. பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, தானே சட்டம் அடித்தார்: வழுக்கைத் தலை, காதோரம் பஞ்சு போல வெள்ளை முடி, நெஞ்சில் பெரிய சிலுவை.

வெளிநாட்டில் பலர் ஜோன்சனையே, இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த ஆயரான கன்டர்பரிப் பேராயர் என்று நினைத்தார்கள். உண்மையான பேராயர் ஃபிஷருக்கு அது தீராத தலையிடி. எத்தனை தரம் கைகழுவினாலும் பதவியால் இறக்க முடியவில்லை, 1963 வரை ஜோன்சன்தான் டீன். அப்படி அசையாமல் நின்ற மனிசனை எங்கள் வாசிகசாலை ஏன் இறக்க வேண்டும்?

அண்ணை, உங்கள் அய்யாவின் பென்சன் படிவங்களை அந்தப் படத்துக்குக் கீழே இருந்த மேசையில் வைத்து நிரப்பியது யார் என்று கொழும்புப் பெரியக்காவிடம் கேளுங்கள்.

தம்பி, ஓட்டுக்கும் மரத்துக்கும் தனித்தனி விலை எழுதி அனுப்பு. போன முறை மதிலுக்குச் சேர்த்த காசின் கணக்கும் இன்னும் வரவில்லை. கண்ணாடி மாற்றும் செலவு என்னுடையது.