சின்னத் தோட்டத்துக்குக் கரண்ட் புல்வெட்டி: குறைந்த விலையில் எதைப் பார்த்து வாங்குவது?

முற்றத்துப்புல் (கேள்வி)

புல்தரை 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவில் ஒரு மரம், ஓரமாக ஒரு கல்பாதை. சரிவு கிடையாது, ஆனால் அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருக்கும். பிளக் பாயிண்ட் வீட்டுச் சுவரின் ஒரு மூலையில். பேட்டரி மாடல் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. வயர் உள்ளதில் மூன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன், விலை இதே வரிசையில் ஏறுகிறது:

அ) வெட்டு அகலம் 32 செ.மீ., 1000 வாட், கார்பன் பிரஷ் மோட்டார், வெட்டு உயரம் 3 நிலை
ஆ) 34 செ.மீ., 1300 வாட், கார்பன் பிரஷ் மோட்டார், 5 நிலை
இ) 38 செ.மீ., 1600 வாட், இண்டக்ஷன் மோட்டார், 6 நிலை

வாட் கூடினால் வெட்டும் கூடுமா? அகலம் கூட எடுத்தால் வேலை சீக்கிரம் முடியுமா? வீட்டில் 25 மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் இருக்கிறது, அதில் 0.75 ஸ்கொயர் எம்.எம். என்று அச்சிட்டிருக்கிறது. அதுவே போதுமா?

ஸ்பேனர்செட்

அகலத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் யோசிக்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வரிசை மேல் அடுத்த வரிசை 4 செ.மீ. ஏறி வந்தால்தான் இடையில் மீசை நிற்காது. அப்படிப் பார்த்தால் 34-இல் உபயோகமாவது 30 செ.மீ., 38-இல் 34 செ.மீ. உங்கள் 9 மீட்டர் அகலத்துக்கு முதலாவதில் 30 வரிசை, இரண்டாவதில் 27. மூன்று வரிசைதான் மிச்சம், நடக்கிற நேரத்தில் ஒரு நிமிடம்கூட வராது. அதே சமயம் 38 செ.மீ. உடம்பு மரத்தடியிலும் பாதை ஓரத்திலும் திரும்ப இடம் கேட்கும். 108 சதுர மீட்டருக்கு 32–34 தாராளம்.

வாட் என்பது மோட்டார் கரண்டிலிருந்து இழுக்கும் அளவு. பிளேடுக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. மோட்டார் வகை மாறினால் வாட்டை வாட்டோடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

பிரஷ் மோட்டார் மிக வேகமாகச் சுழலும், பெல்ட்டோ பல்சக்கரமோ போட்டு அந்த வேகத்தைக் குறைத்துத்தான் பிளேடுக்குக் கொடுப்பார்கள். எடை குறைவு, விலை குறைவு. புல் அடர்த்தியாக வந்ததும் சத்தம் இறங்குவது காதிலேயே தெரியும், வேகம் விழுகிறது. பிரஷ் என்பது சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் கட்டிகள், அவை தேயும், தேயத்தான் வேண்டும். 5–6 மி.மீ. அளவுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஆகவே கடையில் கேட்க வேண்டியது, பிரஷ் வெளிமூடியைத் திருகினால் வருமா, மொத்த மோட்டார் உறையையும் பிரிக்க வேண்டுமா என்பதுதான். மலிவு மாடல்களில் பலவற்றுக்குப் பிரிக்கத்தான் வேண்டும்.

இண்டக்ஷனில் பிரஷ் கிடையாது, பிளேடு நேரே மோட்டார் தண்டில் உட்கார்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2800 சுற்று, புல் அடர்ந்தாலும் பெரிதாக இறங்காது. சத்தம் குறைவு, ஆயுள் அதிகம், எடையும் அதிகம். அதில் அடிக்கடி போவது கண்டென்சர். ஸ்விட்சைப் பிடித்தால் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு பிளேடு நகராமல் நிற்கும். உடனே ஸ்விட்சை விட்டுவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் காயில் கருகும். சீலிங் ஃபேனுக்குப் போலவே இதற்கும் கண்டென்சர் மாற்றினால் ஓடிவிடும்.

எடையைத் தூக்க முடியும், விலையும் கட்டும் என்றால் ‘இ’. இல்லையென்றால் ‘ஆ’. ‘அ’-வை 3 உயர நிலைக்காகவே தள்ளிவிடுவேன்.

மூன்றுகோர்

‘இ’ வாங்குவதென்றால் கையில் உள்ள கேபிளை மறந்துவிடுங்கள். மேலே இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், ஆனால் மலிவு புல்வெட்டிகள் புகைவதில் பாதி இந்த இடத்தில்தான்.

0.75 கேபிளுக்கு 6 ஆம்பியர் கணக்கு. 230 வோல்ட்டில் 1300 வாட் என்றால் 5.7 ஆம்பியர், விளிம்பில் நிற்கிறது. 1600 வாட் என்றால் 7, தாண்டிவிட்டது. 25 மீட்டர் கேபிளில் கரண்ட் போக 25, வர 25. அந்த 50 மீட்டர் செம்பின் தடை கிட்டத்தட்ட 1.2 ஓம். ஓடும்போது இழப்பு 7, 8 வோல்ட்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இண்டக்ஷன் மோட்டார் கிளம்பும் நொடியில்தான் சிக்கல். அப்போது அது வழக்கத்தைவிட 4 முதல் 6 மடங்கு இழுக்கும். 35 ஆம்பியர் என்று வைத்தால் கேபிளிலேயே 40 வோல்ட் காலி. இண்டக்ஷனின் திருப்புவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும், அதனால் 190 வோல்ட்டில் கிளம்பும் மோட்டாருக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் கிடைக்கும். பிளேடு புல்லில் அழுந்தியிருந்தால் கிளம்பாது. ஆள் கண்டென்சரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

எந்த மாடலானாலும் 1.5 ஸ்கொயர் எம்.எம்., ரப்பர் உறை, வெளியில் போடத் தகுந்தது, புல்லில் கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சு நிறம். 120 வோல்ட் உள்ள இடமென்றால் அதே வேலைக்கு ஆம்பியர் இரட்டிப்பாகும், இன்னும் தடித்த கேபிள் வேண்டும். ரீலில் சுற்றிய கேபிளைப் பாதி மட்டும் உருவிவிட்டு ஓட்டவே கூடாது. உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முழுவதும் உருவிக் கீழே போட்டபிறகே பிளக்கைச் செருகுங்கள்.

அடுத்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச். மலிவு மாடல்கள் பெரும்பாலும் இரட்டைக் காப்பு, எர்த் பின் இருக்காது. பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருப்பது அதற்கான குறி. அந்தக் காப்பு இயந்திரத்துக்குத்தான், பிளேடு கேபிளைக் கடித்தால் அது உதவாது. ஈரப் புல்லில் கிடக்கும் உரிந்த லைன் வயரை யாராவது தொட்டால் ஓவர்லோடுக்கு மட்டும் விழும் சாதாரண ட்ரிப் ஸ்விட்ச் (எம்.சி.பி.) விழாது, அந்தக் கரண்ட் அதற்கு மிகச் சிறியது. ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் ஆர்.சி.சி.பி.-யின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

முற்றத்துப்புல்

நன்றி. எடையை யோசித்தால் ‘ஆ’ பக்கம் சாய்கிறேன், 1.5 கேபிளும் வாங்கிவிடுகிறேன். ஓட்டும்போது கேபிள் பிளேடில் மாட்டாமல் இருக்க வழி உண்டா? பிளேடைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

மூன்றுகோர்

கேபிளுக்கு: பிளக் பாயிண்டை ஒட்டி ஆரம்பித்து அதைவிட்டு விலகிக்கொண்டே போங்கள். வரிசைகள் கேபிள் கிடக்கும் திசைக்குக் குறுக்காக ஓட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் வெட்டாத பக்கம் திரும்பினால் கேபிள் எப்போதும் வெட்டி முடித்த பக்கமே கிடக்கும். மரத்தைச் சுற்றி வட்டமடிக்காதீர்கள், கேபிள் மரத்தைச் சுற்றிக்கொள்ளும். இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. கைப்பிடியில் கேபிளை மடித்து மாட்டும் கொக்கி ஒன்று இருக்கும், இழுவையை அது வாங்கிக்கொள்ளும், பிளக்குக்கு வராது. கொக்கி உடைந்த பழைய மெஷின் கைக்கு வந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அரமும்கட்டையும்

பிளேடு. 34 செ.மீ. பிளேடு நிமிடத்துக்கு 3500 சுற்றில் ஓடினால் அதன் நுனி மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டும். கூர் மழுங்கினாலும் அந்த வேகத்தில் புல் அறுபடத்தான் செய்யும், ஆனால் வெட்டுப்படாது, பிய்யும். ஒரு தாளைப் பறித்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நுனி நேராக இருந்தால் கூர் சரி. நார் நாராகப் பிசிறு தெரிந்தால் தீட்டும் நேரம் வந்துவிட்டது. அடுத்த ஓரிரு நாளில் தரை முழுவதும் வெளுத்த சாயல் வருவது அந்தப் பிசிறு காய்வதால்தான், தண்ணீர் குறைவதால் அல்ல. மழுங்கிய பிளேடு மோட்டாரையும் சூடாக்கும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே மெஷின் தானாக நின்று, கால் மணி கழித்துத் திரும்ப ஓடினால் ஓவர்லோடு கட் வேலை செய்கிறது என்று பொருள். பிளேடு, காற்றுத் துளைகளில் அடைந்த புல்தூள், மெல்லிய கேபிள், இந்த வரிசையில் பாருங்கள்.

தீட்டுவது: பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தது போதாது. கனத்த கையுறை. பிளேடுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகி போல்ட்டைக் கழற்றுங்கள். கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காரணம், பிளேடுக்கும் தண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கலாம். பார்த்தால் வாஷர் மாதிரி, தேவையில்லாதது போலத் தெரியும். இரட்டைக் காப்பில் அதுவும் ஒரு பகுதி. அதைத் தவறவிட்டுப் பூட்டினாலும் மெஷின் ஓடும், ஆனால் பிளேடு மோட்டார் தண்டோடு நேரடி உலோகத் தொடர்பில் இருக்கும்.

அரத்தை ஒரே திசையில் தள்ளுங்கள், கம்பெனி கொடுத்த சாய்வை மாற்றாதீர்கள், அது பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். சவரக்கத்தி போல ஆக்க வேண்டாம், முதல் சிறு கல்லிலேயே முனை மடங்கிவிடும். இரு பக்கமும் அதே எண்ணிக்கை இழுப்பு. பிறகு நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தின் கடைசி முனையில் கொஞ்சம் அராவுங்கள், கூரில் கைவைக்காதீர்கள். சமன் இல்லாத பிளேடு பேரிங்கைத் தின்றுவிடும். திரும்பப் பூட்டும்போது பிளேடின் மடிந்த இறக்கைகள் மேலே, மெஷினின் வயிற்றைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டினால் புல்லை நிமிர்த்தும் காற்று வராது, புல் படுத்துக்கொள்ளும், பையில் ஒன்றும் சேராது.

வாங்கும் நாளிலேயே ஸ்பேர் பிளேடு கிடைக்குமா என்று கேளுங்கள். மாடல் எண்ணைச் சொன்னதும் பிளேடு கிடைக்காத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

உயரம்: ‘அ’ போன்ற 3 நிலை மாடல்களில் 20, 40, 60 மி.மீ. என்று இருக்கும். மேடு பள்ளத் தரையில் 20 வைத்தால் மேட்டில் மண் தெரியும். மிஞ்சுவது இரண்டு நிலைதான், அதனால்தான் 5 நிலை. ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. 15 செ.மீ. வளர்ந்துவிட்டதா? உச்ச உயரத்தில் வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் பாதி அகலம் மட்டும் பிடித்து ஓட்டுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த நிலை.

ஸ்பேனர்செட்

3 நிலை விஷயத்தை விரித்துச் சொன்னதற்கு நன்றி. பிளாஸ்டிக் உடம்பைப் பார்த்துத் தயங்காதீர்கள், இந்த அளவில் அது துருப்பிடிக்காத வசதிதான். ஹோஸ் பைப்பால் கழுவ மட்டும் வேண்டாம், மரக்கரண்டியோ பிளாஸ்டிக் சுரண்டியோ போதும். பின்சக்கரம் பெரிதாக இருந்தால் பள்ளத்தில் இறங்காது. பை 30 லிட்டர் போதும், துணிப்பை காற்றை நன்றாக விடும். மல்ச்சிங் (வெட்டிய புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே விடுவது) என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள், இந்த வாட்டில் காய்ந்த புல்லில் 1, 2 செ.மீ. வெட்டினால்தான் அது எடுபடும். ஸ்விட்சை விட்டதும் பிளேடு 3 விநாடிக்குள் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கைவண்டி

வாரம் தவறாமல் வெட்டுவீர்கள் என்றால் 108 சதுர மீட்டருக்குக் கையால் தள்ளும் ரீல் புல்வெட்டியே போதும். கத்தரி போல வெட்டும், கேபிள் கவலை இல்லை. இரண்டு வாரம் விட்டுவிட்டால் மட்டும் தண்டு முற்றி ரீல் சிக்கிக்கொள்ளும். அதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

மூன்றுகோர்

ஒன்று விட்டுப்போனது. கேபிள் வெட்டுப்பட்டால் முதல் வேலை சுவரில் உள்ள பிளக்கைப் பிடுங்குவது, புல்லில் கிடப்பதை எடுப்பது அல்ல. இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டாதீர்கள், ஈரம் உள்ளே போகும். வெட்டுப்பட்ட இடத்தில் நறுக்கி, தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் ரப்பர் கனெக்டர் போடலாம். சாக்கெட் பாதி சுவர்ப் பக்கத்திலிருந்து வரும் துண்டில், பின் பாதி மெஷின் பக்கத்துத் துண்டில். மாற்றிப் பூட்டினால் கனெக்டர் கழன்ற நொடியில் கரண்ட் உள்ள பின்கள் புல்லில் திறந்து கிடக்கும்.