புதுப்பிப்பு: ஃப்ளோரன்ஸ் – சியெனா – சான் ஜிமிஞானோ பஸ் டூர், சைவச் சாப்பாடு கிடைத்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இத்தாலியில் இந்த டூரில் போகும் கியாந்தி பகுதி ஒயின் பண்ணையில் மதியம் சைவம் கிடைக்குமா, முட்டிவலிக்கார அம்மாவால் நடக்க முடியுமா என்று கேட்டிருந்தேன்.

'முன்பதிவிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. மற்றவர்களுக்கு இறைச்சி சாஸ் பாஸ்தா, எங்களுக்குத் தக்காளி சாஸ். ரொட்டியில் உப்பே இல்லை. இந்த ஊர்கள் இருக்கும் டஸ்கனி மாநிலத்தின் வழக்கம் அது. எதிர்பாராதது பெக்கொரினோ சீஸ். செம்மறியாட்டுப் பாலை விலங்கின் இரைப்பை நொதி விட்டு உறையவைப்பதுதான் அங்கே வழக்கம். சுத்த சைவம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நடை. பஸ் நகர மதிலுக்கு வெளியேதான் நிற்கும், சியெனா முழுக்க ஏற்ற இறக்கம். அம்மா காம்போ சதுக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். கதீட்ரலுக்கு நாங்கள் மட்டும் போனோம். அங்கே தோளை மூடியிருக்க வேண்டும், துப்பட்டா போதும்.