ஒரே ஏரியையும் ஒரே குன்றையும் ஆண்டுக்கணக்கில் படமெடுப்பவருக்கு வழி உண்டா?

கேள்வி

நான் பிறந்து வளர்ந்த நிலத்தின் இயற்கையை மட்டுமே படமெடுப்பது என்று முடிவு செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஓர் ஏரியும், அதற்கு மேற்கே நிற்கும் குன்றும், கரையோர மரங்களும்தான் என் களம். தொடக்கத்தில் ஒவ்வொரு விடியலும் புதிதாக இருந்தது. இப்போது கணினியில் படங்களை அடுக்கிப் பார்க்கும்போது, தேதியை மறைத்துவிட்டால் எது எந்த மாதத்தில் எடுத்தது என்று எனக்கே தெரிவதில்லை. பனிமலைக்கோ பாலைவனத்துக்கோ போனால்தான் கண் திறக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கோ இந்த இடத்தை விட்டுப் போக மனமில்லை. ஒரே நிலத்தில் நெடுங்காலம் உழைத்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

நீங்கள் போக வேண்டியதில்லை. உங்கள் நண்பர்கள் பனிமலையில் நான்கு நாட்கள் தங்கினால், அந்த நான்கு நாட்களில் கிடைக்கும் ஒளியோடு திரும்ப வேண்டியதுதான். உங்களுக்கோ ஆண்டு முழுவதும் கையில் இருக்கிறது. அதை இன்னும் பயன்படுத்தத் தொடங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச், செப்டம்பர் மாதங்களில் வரும் சமபகல் நாட்களை (பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாட்களை) ஒட்டி மட்டுமே. ஜூன் வரை உதயப் புள்ளி வடக்கே நகர்ந்து, அங்கிருந்து திரும்பி, டிசம்பரில் தென்கோடியை அடைகிறது. சமபகலை ஒட்டிய வாரங்களில் இந்த நகர்வு வேகமானது. ஜூன், டிசம்பர் மாதங்களின் பின்பாதியில் அது நின்றுவிட்டதைப் போலவே இருக்கும். உங்கள் குன்று மேற்கே இருப்பதால், எந்த மடிப்பில் ஒளி விழுகிறது, எது நிழலில் மூழ்குகிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறியே தீரும்.

மூடுபனியையும் முன்கூட்டியே ஊகிக்கலாம். மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கும்போது, வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது; அதன் மேலுள்ள ஈரக்காற்று விடியலுக்குள் பனியாகத் திரள்கிறது. அத்தகைய இரவுக்குப் பிறகு, சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே கரையில் இருங்கள்.

பதில் 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1916இல், 14 வயதில், யோசெமிட்டி பள்ளத்தாக்கை முதன்முதலாகப் பார்த்தார். பிறகு வாழ்நாள் முழுவதும் அங்கே திரும்பிக்கொண்டே இருந்தார். 1927இல் ஹாஃப் டோம் பாறையின் முகத்தை லென்ஸின் முன் மஞ்சள் வடிப்பான் (ஃபில்டர்) வைத்து எடுத்தவர், அதில் தான் உணர்ந்த கம்பீரம் வராது என்று அறிந்து, எஞ்சியிருந்த கடைசிப் படத்தகட்டில் சிவப்பு வடிப்பானைப் போட்டு வானத்தைக் கருமையாக்கினார். முதல் வருகைக்கும் அந்தப் படத்துக்கும் இடையே 11 ஆண்டுகள் இருக்கின்றன என்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவர்கள் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் படமெடுத்த இருவர். லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்த ஒலேகஸ் ட்ருசானஸ் அந்தத் தீவின் காட்டாறுகளையும் பெடர் ஏரியையும் படமெடுத்தார். 1967 காட்டுத்தீயில் அவருடைய வீடும் படத்தொகுப்பும் எரிந்துபோயின. அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1972இல் கார்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அதே ஆண்டு பெடர் ஏரியும் நீர்மின் திட்டத்தில் மூழ்கியது. அவரிடம் கற்ற பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ், லாட்வியப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்து 1950இல் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். ஃபிராங்க்ளின் ஆற்றின் வளைவொன்றைக் காலைப்பனியில் அவர் எடுத்த படம் 1983 தேர்தலின்போது ஆஸ்திரேலியா முழுவதும் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. அந்த ஆற்றில் திட்டமிட்டிருந்த அணை கட்டப்படவில்லை. இருவருமே வந்துசேர்ந்த மண்ணைச் சொந்த மண்ணாக்கிக்கொண்டவர்கள்.

ட்ருசானஸின் இழப்பை நினைத்து ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ரா கோப்புகளின் (கேமரா பதிவு செய்யும் மூலக் கோப்புகளின்) ஒரு பிரதியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.

பதில் 3

செய்முறையை மட்டும் சொல்கிறேன். ஓரிடத்தைத் தேர்ந்து, முக்காலி நிற்கும் புள்ளி, அதன் உயரம், லென்ஸின் குவியத் தூரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, மாதத்துக்கு ஒருமுறையாவது அதே சட்டகத்தை எடுங்கள். இந்த வரிசைக்கு அழகு முக்கியமில்லை. மாற்றம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விடியலை மட்டுமே நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மரங்களுக்கு மேகமூட்டமான வானமே சிறந்தது, ஏனெனில் நேர்வெயிலில் இலைகள் வெளிறியும் நிழல்கள் இருண்டும் போகும். மழை நின்றவுடன் லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் வடிப்பானைத் திருப்பிப் பாருங்கள்; ஈர இலைகளின் பளபளப்பு விலகிப் பச்சை வெளிப்படும். ஆனால் அகன்ற கோண லென்ஸில் அதை வானத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் வானம் கருத்துத் திட்டாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் பதிலைப் படித்தவுடன் பழைய படங்களை ஆண்டுவாரியாக அல்லாமல் மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஜூன் மாதப் படங்களில் குன்றின் வடசரிவு முழுவதும் ஒளி பெற்றிருக்கிறது. டிசம்பர் படங்களில் அதே சரிவு நிழலில் கிடக்க, தெற்கே ஓர் ஓடைத்தடம் தெளிவாகத் தெரிகிறது. மூன்று ஆண்டுகளாக அந்தத் தடத்தை நான் பார்த்ததே இல்லை. இந்த வாரம் அதன் வழியாக ஏறிப் பார்க்கப் போகிறேன்.